வாங்குபவர், வழங்குநர் உறவில் தர மேலாண்மைச் சான்றிதழ்: ஒரு வரலாறு

தர மேலாண்மைச் சான்றிதழ் என்பது, ஒரு நிறுவனம் தன் வேலைகளை எழுதிவைக்கப்பட்ட, சரிபார்க்கத்தக்க ஒழுங்குமுறையின்படி செய்கிறது என்று மூன்றாம் தரப்பு அமைப்பு ஒன்று ஆய்ந்து வழங்கும் சான்றாகும். அந்த மூன்றாம் தரப்புக்குப் பொருளை விற்பவரோடும் வாங்குபவரோடும் வாணிபத் தொடர்பு இருக்கக்கூடாது. இவ்வகைச் சான்றுகளுள் பரவலாக அறியப்பட்டது ஐஎஸ்ஓ 9001 ஆகும். இன்று பள்ளி, மருத்துவமனை, நகைக்கடை விளம்பரங்களில்கூட இந்த எண் காணப்படுகிறது. ஆனால் இது பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதற்காகப் பிறந்ததன்று. ஒரு தொழிற்சாலை இன்னொரு தொழிற்சாலையிடம் பொருள் வாங்கும்போது எழும் நம்பிக்கைச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது.

இந்தியாவில் இச்சான்றின் தொடக்க வரலாறு தமிழ்நாட்டோடு, குறிப்பாகச் சென்னைப் பாடிப் பகுதித் தொழிற்சாலைகளோடு, நெருங்கிய தொடர்புடையது. அந்த வரலாற்றைச் சொல்வதோடு, சான்றிதழ் இரு தரப்பு உறவில் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருளுக்குச் சான்றும் முறைக்குச் சான்றும்

தரச்சான்று இரு வகைப்படும். ஒன்று பொருளுக்குத் தரப்படுவது. மற்றொன்று அப்பொருளைச் செய்யும் முறைக்குத் தரப்படுவது. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் இவ்வரலாறு விளங்காது.

பொருளுக்கான சான்றைக் கடலூர் மாவட்டத்தவர் நன்கு அறிவர். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி வட்டாரங்கள் முந்திரிக்குப் பெயர்பெற்றவை. முந்திரிப் பருப்பு வாணிபத்தில் "டபிள்யூ 320" என்று ஒரு தரம் உண்டு. ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், 300 முதல் 320 வரை முழு வெள்ளைப் பருப்புகள் இருக்கும் என்பது இதன் பொருள். "டபிள்யூ 240" என்றால் பருப்பு இன்னும் பெரியது. வெளிநாட்டில் இருக்கும் வணிகர் தோப்பையோ உடைப்பாலையையோ பார்க்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து எடைபோட்டு எண்ணினால் போதும்.

விதைச் சான்றும் இத்தகையதே. உழவர் வாங்கும் விதைப் பையில் வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என நிறம் பிரித்து அட்டை கட்டப்படுகிறது. அட்டை அந்தப் பையில் உள்ள விதையைப் பற்றிப் பேசுகிறது.

இயந்திர உறுப்புகளுக்கு இந்த வழி போதாது. ஒரு லாரியின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நீளத்தையும் விட்டத்தையும் அளந்துவிடலாம். ஆனால் அது எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று திட்டமாக அறிய அதை இழுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்துப் பார்த்த போல்ட் வண்டிக்கு உதவாது. பத்தாயிரம் போல்ட்டில் ஐம்பதை உடைத்துப் பார்த்தாலும், மீதியைப் பற்றி ஓர் ஊகமே கிடைக்கும். போல்ட்டின் வலிமை பெரும்பாலும் எஃகின் கலவையையும், உலையில் அது எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்து எப்படிக் குளிர்விக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. இவை வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை.

ஆகவே வாங்குபவர் வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்: "இந்தப் போல்ட் நன்றாக இருக்கிறதா என்பதோடு, இதைச் செய்யும் இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே விதமாக வேலை நடக்கிறதா?" இக்கேள்விக்கான விடையே முறைக்கான சான்று.

இக்கேள்விக்கு விடை தேட மூன்று வழிகள் உண்டு. விற்பவர் தானே தன்னைச் சோதித்து உறுதி சொல்வது முதல் தரப்பு மதிப்பீடு. வாங்குபவர் தம் ஆளை அனுப்பிப் பார்ப்பது இரண்டாம் தரப்பு மதிப்பீடு. இருவருக்கும் பொதுவான ஓர் அமைப்பு வந்து பார்ப்பது மூன்றாம் தரப்பு மதிப்பீடு. கடந்த அறுபது ஆண்டுக் கால வரலாறு பெரிதும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு நகர்ந்த வரலாறாகும்.

ஆய்வாளர் நேரில் வந்த காலம்

விடுதலைக்கு முன்பின் ஆண்டுகளில் இந்தியாவில் தரத்துக்கான அமைப்புகள் ஒவ்வொன்றாக உருவாயின. வேளாண் விளைபொருள்களைத் தரம்பிரித்து முத்திரையிடும் சட்டம் 1937இல் வந்தது. அக்மார்க் முத்திரை அதன் வழி வந்ததே. இந்தியத் தரநிலைகள் நிறுவனம் 1947 சனவரியில் தொடங்கப்பட்டது. அதன் சான்றுக் குறிகளுக்கான சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. ஐஎஸ்ஐ முத்திரை 1955 முதல் வழங்கப்பட்டது. ஏற்றுமதிப் பொருள்களை அனுப்புவதற்கு முன் சோதிப்பதற்கு, ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு, ஆய்வுச் சட்டம் 1963இல் நிறைவேறியது. இவை யாவும் பொருளைப் பார்த்துச் சொல்லும் சான்றுகள்.

இக்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய கொள்முதலாளி அரசே. அரசுத் துறைகளுக்கான வழங்கல், அகற்றல் தலைமை இயக்ககம் விலை ஒப்பந்தங்களைச் செய்தது. பொருள் ஆலையிலிருந்து புறப்படும் முன் ஆய்வாளர்கள் வந்து பார்த்து ஒப்புதல் தரும் முறையும் அதனிடம் இருந்தது. இரயில்வே, பாதுகாப்புத் துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவையும் தத்தம் ஆய்வாளர்களை வைத்திருந்தன.

இதன் தேவையை நெய்வேலியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் ஆகிய ஊர்களைத் தாண்டினால் நெய்வேலி. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவுசெய்யப்பட்டது. 1957 மே மாதம் அகழ்வுப் பணி தொடங்கியது. 1962இல் முதல் மின்னாக்க அலகு இயங்கியது. இங்கே சக்கர வாளி இயந்திரம் மண்ணையும் நிலக்கரியையும் வெட்டுகிறது. நீண்ட கன்வேயர் பட்டைகள் அவற்றைச் சுமந்து செல்கின்றன. நிலக்கரி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. பட்டையைத் தாங்கும் உருளைகளில் ஒன்றின் பேரிங் இறுகிப்போனால் பட்டை தேயும். சில வேளை தீப்பிடிக்கும். பட்டை நின்றால் கொதிகலனுக்குப் போகும் எரிபொருள் குறையும். பேரிங்கின் விலை சில நூறு ரூபாயாக இருக்கலாம். அது கெட்டுப்போவதால் வரும் இழப்பு அந்த விலையோடு ஒப்பிட முடியாதது. இத்தகைய இடங்களில் விலை குறைந்த உறுப்பையும் சோதித்து வாங்க வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர் முறைக்கு மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, ஆய்வாளர் வரும்வரை சரக்கு தேங்கிக் கிடக்கும். இரண்டாவது, பத்து பேருக்குப் பொருள் தரும் பட்டறைக்குப் பத்து ஆய்வாளர்கள் பத்து விதமான படிவங்களோடு வருவார்கள். மூன்றாவது, செய்து முடித்த பிறகு பார்ப்பதால், குறை தெரியும்போது பொருளும் உழைப்பும் வீணாகியிருக்கும்.

படைத்துறையிலிருந்து வாணிபத்துக்கு

முறையை ஆராயும் வழக்கம் படைத்துறைக் கொள்முதலில் முதலில் வேரூன்றியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1959இல் "எம்ஐஎல்-க்யூ-9858" என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. படைக்குப் பொருள் தரும் ஒப்பந்தக்காரர் தமது தரத் திட்டத்தை எழுதிவைத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1968இல் நேட்டோ அமைப்பு இதையொட்டித் தன் விதிகளை வகுத்தது. பிரிட்டன் 1979இல் "பிஎஸ் 5750" என்ற பெயரில் பொதுத் தொழில்துறைக்கான தரநிலையை வெளியிட்டது. அதே 1979இல் அனைத்துலகத் தரப்படுத்தல் அமைப்பாகிய ஐஎஸ்ஓ, தர மேலாண்மைக்கென 176ஆம் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. அக்குழுவின் உழைப்பால் 1987இல் ஐஎஸ்ஓ 9000 தொகுதி வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியத் தரநிலைகள் நிறுவனத்தின் இடத்தில் இந்தியத் தர அமைவனம் செயல்படத் தொடங்கியது.

1987 தொகுதியில் மூன்று சான்றுகள் இருந்தன. வடிவமைப்பு முதல் பராமரிப்பு வரை செய்யும் நிறுவனத்துக்கு 9001. பிறர் தந்த வடிவமைப்பின்படி உற்பத்தி செய்வோருக்கு 9002. இறுதிச் சோதனை மட்டும் செய்வோருக்கு 9003. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இம்மூன்றும் ஒரே 9001 ஆயின. 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள் வந்துள்ளன.

இத்திருத்தங்களில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சொல் மாற்றம் உண்டு. 1987 பதிப்பு, சான்று பெறும் நிறுவனத்தையே "வழங்குநர்" என்று அழைத்தது. எதிரே இருந்தவர் "வாங்குபவர்". வழங்குநருக்குப் பொருள் தந்தவர் "துணை ஒப்பந்தக்காரர்". அதாவது அந்த ஆவணம் ஓர் ஒப்பந்தத்தின் மொழியில், வாங்குபவரின் கண்ணால் பார்த்து எழுதப்பட்டது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் சான்று பெறுபவர் "நிறுவனம்" ஆனார். துணை ஒப்பந்தக்காரர் "வழங்குநர்" ஆனார். அத்தொகுதியின் எட்டு தர மேலாண்மைக் கொள்கைகளுள் ஒன்றாக, வழங்குநரோடு இரு தரப்புக்கும் நன்மை தரும் உறவு வேண்டும் என்பதும் சேர்ந்தது. 2015இல் கொள்கைகள் ஏழாகச் சுருங்கின. அவற்றுள் "உறவு மேலாண்மை" ஒன்று. கட்டளையிடும் ஒப்பந்தமொழி உறவைப் பற்றிய மொழியாக மாறியதை இச்சொற்கள் காட்டுகின்றன. நடைமுறையும் அதே அளவு மாறியதா என்பது தனிக் கேள்வி.

எல்லாப் பதிப்புகளிலும் மாறாத ஒரு விதி உண்டு. சான்று பெற்ற நிறுவனம் தனக்குப் பொருள் தருபவரையும் மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மதிப்பீட்டைப் பதிவுசெய்து வைக்க வேண்டும். மதிப்பிட எளிய வழி, அவரிடமும் சான்றிதழ் கேட்பதே. இந்த விதியால்தான் பெரிய நிறுவனம் ஒன்று சான்று பெற்றால், அதன் அடுத்த படியில் இருப்போரும், அதற்கடுத்த படியில் இருப்போரும் சான்று பெறும் நிலை உருவானது. இன்று உலகில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ்கள் நடப்பில் இருப்பதற்கு இச்சங்கிலித் தொடரும் ஒரு முக்கியக் காரணம்.

பாடியில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் ஐஎஸ்ஓ 9000 சான்று பெற்ற முதல் நிறுவனமாகச் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் குறிப்பிடப்படுகிறது. அது 1990இல் அச்சான்றைப் பெற்றது. டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்நிறுவனம் 1960களில் சென்னைப் பாடியில் உற்பத்தியைத் தொடங்கியது. போல்ட், நட்டு முதலிய இணைப்பான்களே அதன் முதன்மைப் பொருள்கள். சுரேஷ் கிருஷ்ணா அதன் தலைவராக இருந்தார்.

அக்காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவின் பொருளாதாரத் தாராளமயம் 1991இல்தான் தொடங்கியது. அதுவரை உள்நாட்டுச் சந்தையில் பொருளுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், கிடைத்ததை வாங்கும் நிலையில் வாங்குபவர் இருந்தார். அத்தகைய சூழலில் சான்றிதழ் பெறும் கட்டாயம் உள்நாட்டில் இல்லை. ஏற்றுமதியை நோக்கிய நிறுவனமே அதை முதலில் தேடியது. ஐரோப்பிய நாடுகள் 1992 முடிவுக்குள் ஒற்றைச் சந்தையாக இணையத் திட்டமிட்டிருந்ததும் அங்கு பொருள் விற்க விரும்பியவர்களிடம் ஐஎஸ்ஓ 9000 பற்றிய ஆர்வத்தைத் தூண்டியது. இந்தியத் தர அமைவனமும் 1991இல் முறைமைச் சான்று வழங்கத் தொடங்கியது.

சுந்தரம் ஃபாஸ்டனர்ஸின் கதையில் அடுத்த கட்டம் ரேடியேட்டர் மூடி. வண்டியின் ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காத்து, குளிர்விக்கும் நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அழுத்தம் அளவு மீறினால் திறந்து வெளியேற்றுகிறது. அதன் சுருள்வில்லோ ரப்பர் வளையமோ தவறினால் எஞ்சின் சூடேறிப் பழுதாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டனில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடித் தொழிற்கூடத்தின் இயந்திரங்களை 1990களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கே மூடிகளை அனுப்பியது. 1996ஆம் ஆண்டுக்கான ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த வழங்குநர் விருதைப் பெற்று, அடுத்த ஆண்டுகளிலும் அவ்விருதைத் தொடர்ந்து பெற்றது.

சான்றிதழின் பங்கு இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்த, முன்பின் அறியாத ஒருவரோடு பேச்சைத் தொடங்க அது வழிசெய்தது. விருதைத் தந்ததோ பல ஆண்டுகள் தவறாமல் போய்ச்சேர்ந்த மூடிகள். இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

மூன்று நிறுவனங்கள், ஒரே கையேடு

மோட்டார் வாகனத் தொழிலில் 1990களின் தொடக்கம்வரை ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தனித்தனித் தரக் கையேடு வைத்திருந்தது. மூவருக்கும் உறுப்பு தரும் வழங்குநர் மூன்று வகை ஆவணங்களையும் மூன்று தணிக்கைகளையும் சுமந்தார். இதைக் குறைக்கக் கிரைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து 1994இல் "க்யூஎஸ்-9000" என்ற பொதுத் தேவைகளை வெளியிட்டன. ஐஎஸ்ஓ 9001 அதன் அடித்தளம். ஐரோப்பிய நிறுவனங்களும் சேர்ந்தபோது 1999இல் "ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949" வந்தது. 2016இல் அது "ஐஏடிஎஃப் 16949" ஆனது.

இவை பொதுத் தரநிலையைவிடக் கடுமையானவை. ஓர் உறுப்பில் எங்கெங்கே தவறு நேரலாம், அதன் விளைவு என்ன, முன்னதாக எப்படிக் கண்டுபிடிப்பது என்று பட்டியலிட வேண்டும். புதிய உறுப்பு ஒன்றைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் முன், மாதிரிகளையும் அளவுப் பதிவுகளையும் உலோகச் சோதனை முடிவுகளையும் வாங்குபவரிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் பெற்றபின் இயந்திரத்தையோ மூலப்பொருளையோ தன் விருப்பப்படி மாற்றக்கூடாது.

தமிழ்நாட்டில் இது வேகமாகப் பரவியதற்குக் காரணம் உண்டு. 1990களின் நடுவில் ஃபோர்டு மறைமலைநகரிலும், ஹூண்டாய் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலை அமைத்தன. ஏற்கெனவே பாடி, அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் உறுப்புத் தொழிற்சாலைகள் இருந்தன. புதிய ஆலைகளுக்கு உறுப்பு தர விரும்பியவர்களுக்குச் சான்றிதழ் நுழைவுச் சீட்டு ஆனது.

சான்றிதழுக்கு அப்பால்: டெமிங் காட்டிய வழி

இதே காலத்தில் பாடியிலேயே வேறொரு வழியும் நடைபெற்றது. சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. வேணு சீனிவாசன் அதன் தலைவராக இருந்தார். ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுதா அதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர். பின்னர் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார், ரானே பிரேக் லைனிங்ஸ் முதலிய நிறுவனங்களும் அப்பரிசைப் பெற்றன. இவற்றுட் பல தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியலாளர். 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் புள்ளியியல் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்தவர். அவர் பெயரால் 1951 முதல் ஜப்பானில் பரிசு வழங்கப்படுகிறது. மேலாளர்களுக்கு அவர் தந்த 14 அறிவுரைகளில் இரண்டு நம் பொருளுக்கு நேரடியானவை. இறுதிச் சோதனையை நம்பித் தரத்தை அடைய முயலக்கூடாது என்பது ஒன்று. விலையை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்வதைக் கைவிட்டு, ஒரு பொருளுக்கு ஒரு வழங்குநர் என்ற அளவுக்கு நீண்டகால நம்பிக்கை உறவை வளர்க்க வேண்டும் என்பது மற்றொன்று.

சான்றிதழ் வழிக்கும் இந்த வழிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சான்றிதழ் வழியில் வாங்குபவர், "உன்னிடம் சான்று இருக்கிறதா?" என்று கேட்கிறார். டெமிங் வழியில் வாங்குபவரின் பொறியாளர் வழங்குநரின் பட்டறைக்கே வந்து, கழிவு எங்கே வருகிறது, லேத்தின் அளவு எப்போது விலகுகிறது என்று கூடவே நின்று பார்க்கிறார். வழங்குநர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து ஒன்றாகப் பயிற்சி தரும் முறையும் இந்திய வாகன உறுப்புத் தொழிலில் இந்த வழியாகவே வளர்ந்தது. இதற்குக் காலம் மிகுதியாகும். வாங்குபவருக்கும் செலவு உண்டு. அதனால் எல்லா வாங்குபவரும் இதைச் செய்வதில்லை.

சிறு பட்டறையின் கணக்கு

சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பது சிறு பட்டறை. நான்கு லேத், ஒரு மில்லிங் இயந்திரம், பத்துப் பதினைந்து தொழிலாளர் கொண்ட பட்டறைக்குச் சான்றிதழ் பெறுவது என்றால் என்ன?

வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் குறித்த காலத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பி அளவு சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும். ஒவ்வொரு முறை இயந்திரத்தை அமைத்ததும் முதல் துண்டை அளந்து எழுத வேண்டும். கம்பி எந்தக் கடையில் எந்த வார்ப்பு எண்ணில் வாங்கப்பட்டது என்று குறிக்க வேண்டும். தவறிய துண்டுகளைத் தனிப்பெட்டியில் போட்டு, ஏன் தவறின, மறுபடி நேராமல் என்ன செய்தோம் என்று பதிய வேண்டும். ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஆலோசகர் கட்டணம், தணிக்கைக் கட்டணம், எழுதுவதற்கு ஓர் ஆள் என்று செலவு உண்டு.

நன்மையும் உண்டு. முன்பு மூத்த தொழிலாளியின் கைப்பழக்கத்தில் மட்டும் இருந்த அறிவு ஏட்டில் ஏறுகிறது. அவர் விடுப்பில் போனாலும் வேலை நிற்பதில்லை. பொருள் திரும்பி வரும்போது, எந்த நாள், எந்த இயந்திரம், எந்தக் கம்பி என்று தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. தவறு யாருடையது என்ற வாக்குவாதத்தில் சிறு பட்டறைக்காரரின் பக்கம் பேச ஒரு பதிவு இருக்கிறது. ஏடு உண்மையாக எழுதப்பட்டால் கிடைக்கும் நன்மைகள் இவை. தணிக்கைக்கு முந்தைய நாள் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டால் செலவு மட்டுமே மிஞ்சும்.

செலவின் சுமையை உணர்ந்த மத்திய அரசு, 1994இல் சிறுதொழில் நிறுவனங்களுக்கு ஐஎஸ்ஓ 9000 சான்று பெறும் செலவில் 75 விழுக்காட்டை, ரூ. 75,000 வரம்புக்குள், திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2016இல் "குறையும் இல்லை, சூழலுக்குக் கேடும் இல்லை" என்ற பொருள்படும் இசட்இடி சான்றுத் திட்டம் வந்தது. 2022இல் அது வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளாகத் திருத்தப்பட்டது. சான்றுக் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80, சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 விழுக்காடு மானியம் என அறிவிக்கப்பட்டது.

சான்றைச் சரிபார்த்தல்

தேவை பெருகியபோது, ஆய்வே செய்யாமல் பணத்துக்குச் சான்றிதழ் அச்சிட்டுத் தருவோரும் தோன்றினர். ஆகவே சில அடிப்படைச் செய்திகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலையை எழுதுகிறதே தவிர, யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. சான்று தருபவை தனிச் சான்றளிப்பு அமைப்புகள்.

இரண்டாவது, அந்த அமைப்புகளின் தகுதியை ஆராய்ந்து அங்கீகரிக்கப் பல நாடுகளில் மேலமைப்பு உண்டு. இந்தியாவில் 1990களின் பிற்பகுதியில் உருவான இந்தியத் தரக்குழுமத்தின் கீழ் இயங்கும் தேசிய அங்கீகார வாரியம் இப்பணியைச் செய்கிறது. சான்றிதழில் அங்கீகார அமைப்பின் குறியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சான்றிதழில் "எல்லை" என்று ஒரு பகுதி இருக்கும். எந்த முகவரியில், எந்த வேலைக்குச் சான்று என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். கோயம்புத்தூர் ஆலைக்குப் பெற்ற சான்று ஓசூர் ஆலைக்குப் பொருந்தாது.

நான்காவது, ஐஎஸ்ஓ 9001 முறைக்கான சான்று. "ஐஎஸ்ஓ சான்று பெற்ற எண்ணெய்", "ஐஎஸ்ஓ சான்று பெற்ற அரிசி" என்று பொருளின் மீது எழுதுவது தவறு.

ஒருபக்கச் சான்று

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. சான்றிதழ் வழங்குநரைப் பற்றி வாங்குபவருக்கு உறுதி தருகிறது. வாங்குபவரைப் பற்றி வழங்குநருக்கு எந்த உறுதியும் தருவதில்லை. பேசிய அளவுக்கு வாங்குவாரா, பேசிய நாளில் பணம் தருவாரா, தொடர்ந்து தொழில் நடத்துவாரா என்பவற்றுக்குச் சான்றிதழ் இல்லை.

ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. அந்த ஆலைக்கு உறுப்பு தந்தவர்கள் சான்றிதழ்களைப் பெற்றவர்களே, தணிக்கைகளில் தேறியவர்களே. ஒரு குறிப்பிட்ட வண்டிக்கென வாங்கிய அச்சுகளும் பிடிமானக் கருவிகளும் வேறு வண்டிக்கு உதவுவதில்லை. அந்த முதலீட்டை அவர்களுடைய எந்தச் சான்றிதழாலும் காப்பாற்ற முடியாது. 2024இல் அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் விருப்பக் கடிதத்தை ஃபோர்டு தமிழ்நாடு அரசிடம் அளித்தது. போவதும் திரும்புவதும் வாங்குபவரின் முடிவு. காத்திருப்பது வழங்குநரின் நிலை.

பணம் தரும் காலத்தைப் பொறுத்தவரை, வழங்குநருக்குத் துணையாக வந்தது சட்டம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக வருமானவரிச் சட்டத்திலும் ஒரு விதி சேர்ந்தது. இந்நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, அது உண்மையில் தரப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். எனினும் வழக்குத் தொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தால், உரிமை இருந்தும் கேட்கத் தயங்கும் சிறு பட்டறைக்காரர்கள் இருக்கவே செய்கின்றனர்.

முடிவுரை

தர மேலாண்மைச் சான்றிதழ் பெரிய பணியைச் செய்துள்ளது. பல ஆய்வாளர்களின் வேலையை ஒரு தணிக்கையில் அடக்கியது. பாடியில் இருந்த ஒரு நிறுவனம் டெட்ராய்ட்டில் இருந்த நிறுவனத்தோடு சமமாக அமர்ந்து பேச உதவியது. தொழிலாளியின் கையில் இருந்த அறிவை ஏட்டுக்குக் கொண்டுவந்தது. இவை சிறிய பயன்கள் அல்ல.

அதே வேளையில், 1987இல் அது வாங்குபவரின் பாதுகாப்புக்காகவே எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. பின்வந்த பதிப்புகள் இருவருக்கும் நன்மை தரும் உறவைப் பற்றிப் பேசினாலும், தணிக்கையாளர் வந்து உட்காருவது இன்றும் வழங்குநரின் பட்டறையில்தான். வாங்குபவர் சொன்ன அளவை வாங்கினாரா, சொன்ன நாளில் பணம் தந்தாரா, வரைபடத்தை மாற்றியபோது முன்கூட்டியே சொன்னாரா என்று அதே ஒழுங்கோடு ஆண்டுதோறும் வந்து பார்க்கும் ஏற்பாடு உருவாகும்போதுதான், இது வாணிப உறவுக்கான சான்று என்ற பெயருக்கு முழுமையாகப் பொருந்தும்.